தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியரும் நோயாளரின் குடும்பத்தினரும்: உழைப்பு, சொல், நேரம் பற்றிய சில குறிப்புகள்

நோயாளரைப் பராமரிப்போரைக் குறிக்கத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஈழத்தில் நாம் தாதியர் என்கிறோம். தமிழகத்திற் செவிலியர் என்பது நிலைபெற்றுள்ளது. இரண்டும் பழைய வீட்டமைப்பிலிருந்து பெறப்பட்டவை. தாதி என்பது வளர்ப்புத் தாயையும் பணிப்பெண்ணையும் ஒருங்கே குறித்து வந்த சொல். செவிலியோ அகப்பொருள் மரபில் தனக்கெனத் திட்டவட்டமான ஒரு பணியினை உடையவள். அறத்தொடு நிற்றல் என்ற மரபில் தலைவியின் களவொழுக்கம் தோழி வழியாகச் செவிலியையும், செவிலி வழியாக நற்றாயையும் சென்றடையும். குடும்பத்தினர் எளிதில் ஏற்கவியலாத ஒரு செய்தியை, அவர்கள் தாங்கக்கூடிய சொற்களிற் கொண்டு சேர்ப்பவள் அவளே. இன்று உலகின் பெருநகர் மருத்துவமனைகளிலே தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தினருக்குத் தாதியர் ஆற்றும் பணியும் இதனை ஒத்ததே. ஆயின் செவிலி வீட்டுக்குள் வாழ்ந்தவள். தாதியோ கூலிக்கு உழைப்பவர். குடும்பத்தினருக்கு அவர் ஆற்றும் பணியை உழைப்பாகக் கொள்ளாது குணமாகவே கொள்ளும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்து விடுகின்றது. அவ்வழக்கம் எத்தகைய விளைவுகளைத் தருகின்றது என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாறு நீண்டதன்று. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோய் பரவியபோது, பிளெக்டம் மருத்துவமனையிலே பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணர், தொண்டையிற் துளையிட்டுக் குழாய் செலுத்தி, கையால் அழுத்தும் பையொன்றின் மூலம் நோயாளரின் நுரையீரலுக்குக் காற்றூட்டும் முறையைக் கையாண்டார். இயந்திரங்கள் போதியளவு இருக்கவில்லை. எனவே ஏறத்தாழ 1,500 மாணவர் முறை வைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். மறு ஆண்டு இறுதியில் அதே நகரின் வேறொரு மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவொன்று தோன்றிற்று. இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இப்சனின் மேதைமையையும் பின்னர் வந்த இயந்திரங்களையும் பற்றியே பேசுவர். நாம் கவனிப்பது பிறிதொன்று. இப்பிரிவு தன் முதல் நாளிலிருந்தே மனிதக் கைகளின் தொடர்ச்சியான உழைப்பின் மீது எழுந்தது. கைகளின் இடத்தை இயந்திரங்கள் பிடித்த பின்னரும் அவற்றின் அருகே இருபத்துநான்கு மணி நேரமும் நிற்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

புதிய பிரிவிற் குடும்பத்தினருக்கு இடமிருக்கவில்லை. கிருமித் தொற்று, நோயாளரின் அமைதி, ஊழியரின் வசதி ஆகிய காரணங்கள் கூறப்பட்டு, பல நாடுகளில் மணிக்கொரு தடவை ஐந்து அல்லது பத்து நிமிடமே அவர்கள் உள்ளே விடப்பட்டனர். புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் எழுதிய தாதியம் பற்றிய நூலிலும் நோயாளரைப் பார்க்க வருவோர் மீது நல்லெண்ணம் காணப்படுவதில்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று வாய்க்கு வந்தபடி ஆறுதல் கூறி நோயாளரை வதைப்போர் என அவர்களைக் கண்டிக்க அவர் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்.

குடும்பத்தினரின் தேவை யாதென அவர்களிடமே கேட்கும் முயற்சி 1979இல் நிகழ்ந்தது. நான்சி மோல்ற்றர் என்ற அமெரிக்கத் தாதி, கடும் நோயுற்றோரின் உறவினர் நாற்பதுபேரிடம் 45 தேவைகளைக் கொண்ட பட்டியலொன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியமானதென வினவினார். முதலிடம் பெற்றது நம்பிக்கை இருப்பதாக உணர வேண்டும் என்பதாகும். மருத்துவமனை ஊழியர் நோயாளர் மீது அக்கறை கொண்டுள்ளனர் என்ற உணர்வு அதனை அடுத்து நின்றது. பின்னர் ஜேன் லெஸ்கி இப்பட்டியலை விரிவுபடுத்தினார். உறுதிப்பாடு, அண்மையில் இருத்தல், தகவல், வசதி, ஆதரவு என அவர் வகுத்த ஐந்து கூறுகள் இன்றும் ஆய்வுகளில் எடுத்தாளப்படுகின்றன. இவற்றுட் தம் சொந்த வசதியை உறவினர் பெரும்பாலும் கடைசியிலேயே வைக்கின்றனர்.

ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்களாற் குறிக்கப்படும் எதிர்பார்ப்பையும் பிறர்மீது வைக்கும் விசுவாசத்தையும் தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லாற் குறிக்கிறோம். மோல்ற்றரின் பட்டியலில் முதலிரு இடங்களையும் பெற்றவை தமிழிற் கேட்கப்பட்டிருப்பின் ஒன்றாகவே தோன்றியிருக்கும். இது சொல் விளையாட்டன்று. நோயாளர் பிழைப்பார் என்ற நம்பிக்கை நாளுக்கு நாள் தேய்ந்து செல்லும்போது, அவ்விடத்தை நிரப்பக்கூடியது அவரைப் பராமரிப்போர் மீதான நம்பிக்கை ஒன்றே. அனுபவமுள்ள தாதியர் இம்மாற்றத்தையே வழிநடத்துகின்றனர். நைற்றிங்கேல் கண்டித்த பொய்யாறுதலுக்கும் இதற்குமுள்ள தூரம் பெரிது.

இப்பணியின் நுணுக்கங்களைச் சற்று விரிவாக நோக்குவோம். உறவினர் முதன்முறை உள்ளே வருமுன் தாதி வெளியே வந்து, அவர்கள் காணப்போவதைச் சொல்லி வைக்கிறார். முகம் வீங்கியிருக்கும், வாய்வழியே செல்லும் குழாய் குரல் நாண்களுக்கூடாகச் செல்வதால் அவராற் பேச இயலாது, கைகள் கட்டப்பட்டிருப்பின் அது குழாயைப் பிடுங்காதிருப்பதற்கே, ஒலியெழுப்பும் கருவிகள் எல்லாவேளையும் ஆபத்தை அறிவிப்பனவல்ல. உள்ளே வந்ததும் பெரும்பாலானோர் நோயாளரைப் பார்ப்பதில்லை. திரையில் ஓடும் எண்களையே பார்க்கின்றனர். எண் சற்றுக் குறைந்தால் அவர்தம் முகமும் மாறுகின்றது. அவர்களின் பார்வையைத் திரையிலிருந்து மனிதர்பால் மீட்பது தாதியின் அடுத்த பணி. 'கையைப் பிடியுங்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள்' என்கிறார். உதட்டை ஈரப்படுத்தவோ தலைவாரவோ ஒரு சிறு வேலையைக் கொடுக்கிறார். செய்வதற்கு ஏதுமின்றி நிற்பவருக்குச் செய்ய ஒன்று கிடைக்கின்றது. நோயாளர் இவ்வியந்திரங்களுக்கு அப்பாற் யார், என்ன தொழில் செய்தார், எதனை விரும்பினார் என்று கேட்டறிகிறார். இக்கேள்வி அன்பின் வெளிப்பாடு மாத்திரமன்று. பின்னொரு நாள் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற வினா எழும்போது, பேச இயலாத அந்நோயாளர் எதனை விரும்பியிருப்பார் என்பதற்கான சான்றுகள் இவ்வுரையாடல்களிலேயே திரண்டிருக்கும்.

வைத்தியர் குடும்பத்தினரைச் சந்திக்கும் நேரம் குறுகியது. பிரான்சில் எலி அசூலே குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், வைத்தியரைச் சந்தித்து வெளிவந்த உறவினருள் 54 வீதமானோர் நோயையோ, அதன் போக்கையோ, அளிக்கப்படும் சிகிச்சையையோ விளங்கிக்கொள்ளாதிருந்தனர். வைத்தியர் சென்ற பின் எஞ்சி நிற்பவர் தாதி. 'அவர் என்ன சொன்னவர்?' என்ற கேள்வி தாதியிடமே வருகின்றது. அவர் அதே செய்தியை வேறு சொற்களில், சிறு சிறு துண்டுகளாக, சில வேளை ஒரே இரவில் நான்கு தடவை சொல்கிறார். இது மொழிபெயர்ப்பு. ஒரே மொழிக்குள் நிகழ்வதால் அவ்வாறு கருதப்படுவதில்லை.

இவ்விடத்திற் பிரிவின் அதிகார அமைப்பு தன்னை வெளிக்காட்டுகின்றது. நோயின் முடிவு பற்றிக் கூறும் உரிமை வைத்தியருக்குரியது. பன்னிரண்டு மணி நேரம் கட்டிலருகே நிற்கும் தாதி, சிறுநீர் குறைவதையும் விரல் நுனிகள் குளிர்வதையும் எவருக்கும் முன்னர் காண்கிறார். நோயாளர் பிழைக்கமாட்டார் என்பதைப் பல வேளைகளிற் குடும்பத்தினருக்கு ஒரு நாள் முன்னதாகவே அறிந்திருக்கிறார். அதிகாலை மூன்று மணிக்கு நோயாளரின் மகள் 'பிழைப்பாரா?' என்று கேட்கும்போது அவர் பொய் சொல்லவும் முடியாது. உண்மை சொல்லவும் அதிகாரமில்லை. 'இன்று மாலையைவிட இப்போது கூடுதலான மருந்து தேவைப்படுகின்றது. காலையில் வைத்தியர் உங்களோடு பேசுவார், நானும் இருப்பேன்' என்பது போன்ற விடைகள் இந்நெருக்குதலிற் பிறப்பவை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒவ்வொரு சொல்லும் எல்லைக்குட்பட்டது. அறிவு ஒருவரிடமும் அதனைக் கூறும் அதிகாரம் பிறிதொருவரிடமும் இருக்கும் எல்லாத் தொழிற்றலங்களிலும் இத்தகைய பேச்சு தோன்றும். சரியானது இதுவென அறிந்தும் நிறுவனத் தடைகளால் அதனைச் செய்ய இயலாதிருக்கும் நிலையை அன்ட்ரூ ஜேமற்றன் 1984இல் அறநெருக்கடி என்ற கருத்தில் வகுத்துரைத்தபோது, அவர் எடுத்துக்கொண்ட களம் தாதியமாகவே இருந்தது தற்செயலன்று.

*

இலக்கிய மாணவரென்ற முறையில் எம்மை மிகவும் ஈர்ப்பது இப்பிரிவுகளிற் பிறந்த ஓர் எழுத்து வடிவம். ஸ்கண்டிநேவிய நாடுகளில் 1980களிலும் 1990களிலும் தாதியர் தம் நோயாளர் ஒவ்வொருவருக்கும் நாட்குறிப்பொன்றை எழுதத் தொடங்கினர். மேலிடத்து ஆணை எதுவும் இதற்குப் பின்னணியில் இருக்கவில்லை; பிரிவுகளிலிருந்த தாதியரின் முயற்சியாகவே இது பரவிற்று. சுவீடனின் நொர்ச்சோப்பிங் நகர் மருத்துவமனை அனுபவம் 2001இல் வெளியான பின் ஏனைய ஐரோப்பிய நாடுகளும் இதனைக் கூர்ந்து நோக்கலாயின.

காரணம் எளிமையானது. மயக்கமருந்திலும் காய்ச்சலிலும் கிடந்து மீண்டோருக்கு அந்நாட்கள் நினைவிலில்லை. இருப்பனவும் பெரும்பாலும் புத்தி மாறாட்டத்தின் கொடுங்காட்சிகளே. தம்மைக் கொல்லச் சதி நடந்ததாகவும் எங்கோ கடத்திச் செல்லப்பட்டதாகவும் பலர் நம்புகின்றனர். இழந்த நாட்களை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவே நாட்குறிப்பு எழுதப்பட்டது. மருத்துவப் பதிவேட்டின் மொழி இதற்கு உதவாது. எனவே தாதி நோயாளரை முன்னிலையில் விளித்து எழுதுகிறார்: இன்று முதன்முறையாக உங்களைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தோம், வெளியே பனி பெய்கின்றது, உங்கள் மகன் வந்து வீட்டு நாயைப் பற்றிச் சொன்னார், நீங்கள் கண் திறந்தீர்கள். இவ்வகைச் செய்திகளே உள்ளடக்கம். ஒளிப்படங்களும் ஒட்டப்படுவதுண்டு. பல பிரிவுகளிற் குடும்பத்தினரும் அதே ஏட்டில் எழுதுகின்றனர்.

டென்மார்க்கைச் சேர்ந்த இங்கிரிட் எகெரோட் என்ற தாதிய ஆய்வாளரும் அவர்தம் துணையாசிரியரும் 2009இல் இக்குறிப்புகளை எடுத்துரைப்பியல் நோக்கில் ஆராய்ந்தனர். நாம் அவ்வழியே மேலும் சிறிது செல்லலாம் எனக் கருதுகிறோம். இஃது ஒருவர் எழுதிய பனுவலன்று. பணிமுறை மாறுந்தோறும் ஆசிரியரும் மாறுகிறார். முன்னிலையில் விளிக்கப்படும் வாசகர் எழுதப்படும் கணத்தில் அருகே கிடக்கிறார். எனினும் வாசிக்க இயலாதவர். எழுதுவோர் எவருக்கும் கதையின் முடிவு தெரியாது. ஆகவே இது துன்பியலா அன்றா என்பதை எழுத்து முடிந்த பின்னரே, எழுத்துக்கு வெளியிலுள்ள ஒன்று தீர்மானிக்கின்றது. நோயாளர் இறப்பின் வாசகரே மாறிவிடுகிறார். 'நீங்கள்' என்று அவரை நோக்கி எழுதப்பட்டது குடும்பத்தினரின் கைக்குச் செல்கின்றது. ஒரு சொல்லும் திருத்தப்படாமலே கையறுநிலையாகி விடுகின்றது. முதலாளித்துவ யுகத்தின் இலக்கியக் கோட்பாடு தனியாளான படைப்பாளியையே மையமாக வைத்துப் பேசிப் பழகியது. பெயர் தேவைப்படாத பலர், தம் வேலை நேரத்தின் இடுக்குகளில், ஒரு குறிப்பிட்ட மனிதரின் பயன்பாட்டுக்கென மட்டும் எழுதும் எழுத்தை எவ்வகையில் அடக்குவது என்பது அதற்குத் தெரியாது. வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்தோருக்கு இது அவ்வளவு புதுமையன்று.

ஏட்டில் எழுதும் குடும்பத்தினருக்கும் அது பயன் தருகின்றது. காத்திருப்பு ஒரு செயலாக மாறுகின்றது. நேற்று நிகழ்ந்தது இன்று ஏட்டில் உள்ளதால் நாட்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. எனினும் இதனை எல்லோருக்கும் பொதுவான வரமெனக் கொண்டாடுவதற்குமுன் சற்றுத் தயங்குகிறோம். எழுத்தறிவு ஏறக்குறைய முழுமையடைந்த, தாதியர் எண்ணிக்கை ஒப்பளவிற் கூடிய நாடுகளிலே பிறந்த வடிவம் இது. பேனா பிடிப்பதைக் காட்டிலும் வாய்விட்டுச் சொல்வதே இயல்பான மக்களிடையே இதன் இடத்தைப் பிறிதொன்று பெறவேண்டியிருக்கலாம்.

இனி அளவீடுகள் பற்றி. தீவிர சிகிச்சை நோயாளருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் நோயைத் தருகின்றது என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. அசூலே குழுவினரின் 2005ஆம் ஆண்டு ஆய்வில், தொண்ணூறு நாட்களின் பின் உறவினருள் மூன்றிலொரு பங்கினர் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளைக் கொண்டிருந்தனர். சிகிச்சையை நிறுத்தும் முடிவிற் பங்குகொண்டோரிடையே அத்தொகை 80 வீதத்தைத் தாண்டிற்று. 2007இல் வெளியான மற்றொரு பிரெஞ்சு ஆய்வில், இறக்கும் நிலையிலுள்ளோரின் குடும்பத்தினருடனான சந்திப்பு நன்கு திட்டமிடப்பட்டு அவர்களுக்குத் துயர்காலச் சிறுநூலொன்றும் கொடுக்கப்பட்டபோது, சந்திப்பின் நடுநிலைக் காலம் 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாயிற்று. உறவினர் பேசிய நேரமோ 5 நிமிடத்திலிருந்து 14 நிமிடமாக உயர்ந்தது. மனவடு அறிகுறிகள் கொண்டோர் 69 வீதத்திலிருந்து 45 வீதமாகக் குறைந்தனர். கூடிய நேரம் ஏறத்தாழ முழுவதும் உறவினரின் பேச்சுக்கே சென்றுள்ளது என்பது கவனத்திற்குரியது.

நாட்குறிப்பைப் பொறுத்தவரை முடிவுகள் முரண்படுகின்றன. 2010இல் ஆறு ஐரோப்பிய நாடுகளின் பன்னிரண்டு மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஆய்வு, குறிப்பைப் பெற்ற நோயாளரிடையே மனவடு நோய் 13 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைந்ததெனக் காட்டிற்று. 2019இல் பிரான்சின் 35 பிரிவுகளை உள்ளடக்கிய பெரிய ஆய்வோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காணவில்லை. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பகுதியில் ஐந்து பிரிவுகளிற் தாதியருக்குச் சிறப்புப் பயிற்சியளித்துக் குடும்பத்தினரை நாள்தோறும் சந்திக்கச் செய்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களின் பின் உறவினரின் உளநிலையில் மாற்றம் தென்படவில்லை. ஆயின் தம்முடன் நிகழ்ந்த உரையாடல் மேம்பட்டதென அவர்கள் மதிப்பிட்டனர். நோயாளர் பிரிவிலிருந்த காலமும் சராசரியாக 7.4 நாளிலிருந்து 6.7 நாளாகக் குறைந்தது.

இம்முடிவுகளை நாம் எள்ளி நகையாடவில்லை. பயனுள்ளது எதுவென அறிய வேறு நேர்மையான வழி இல்லை. ஆயின் எந்த அளவுகோல் எவருக்குப் பயன்படுகின்றது என்று கேட்பது எமது கடமை. பிற்ஸ்பேர்க் ஆய்வின் மூன்று முடிவுகளுள், செலவுக் கணக்கை முதன்மைப்படுத்தும் நிர்வாகியொருவரின் கண்ணிற் படக்கூடியது மூன்றாவதாகும். கட்டில்-நாட்கள் குறைகின்றன, கட்டில்-நாளுக்கு விலை உண்டு. உறவினரோடு பேசுவது இவ்வாறு பரிவர்த்தனை மதிப்பொன்றைப் பெறுகின்றது. பெற்றதும் அதன் நோக்கமே திரிபடையும் அபாயம் தோன்றுகின்றது. இத்தனைக்கும் அவ்வாய்விற் காலம் குறைந்தமைக்கு, பிழைக்க வாய்ப்பற்றோரின் இறுதிக்காலம் சுருங்கியமை முக்கிய காரணம். நோயாளரின் விருப்பத்தை அறிந்து அதன்படி நடந்ததால் அவ்வாறு நிகழ்ந்திருப்பின் அது நன்றே. கட்டிலை விடுவிக்கும் உத்தியாக அது மாறுமெனின் தாதியின் கனிவான சொற்கள் வேறொன்றாகி விடும்.

வேலையின் ஒரு பகுதியாக உணர்ச்சியைத் தோற்றுவித்தலை ஆர்லி ஹொக்ஷில்ட் 1983இல் உணர்ச்சி உழைப்பு எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். விமானப் பணிப்பெண்ணின் புன்னகை அவரின் முதன்மை உதாரணம். தாதியின் கனிவை இதனோடு முற்றாக இனங்காண முடியாதெனவே எமக்குத் தோன்றுகின்றது. விமானப் புன்னகை மேலதிகாரியால் வேண்டப்படுவது, மேற்பார்வை செய்யப்படுவது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதிகாலையில் நிற்கும் தாதியை எவரும் அவ்வாறு பணிப்பதில்லை. அப்பத்து நிமிடத்தில் அவர் நிரப்பத் தவறிய படிவமே மறுநாட் காலையில் விசாரிக்கப்படும். ஷரன் போல்ற்றன் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதனை நன்கொடையென வருணித்தார். நாம் அதனை ஏற்று ஒரு படி மேலே செல்வோம். குடும்பத்தினரை நோக்குமிடத்து நன்கொடையாகும் அதே செயல், வேலை கொள்வோரை நோக்குமிடத்துக் கூலி கொடுபடாத உழைப்பாகும். அரச மருத்துவமனைத் தாதி உபரிமதிப்பை உற்பத்தி செய்பவரல்லர் எனக் கண்டிப்பான தோழர் சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் கோட்பாட்டளவிற் சரியானதே. எனினும் வேலைநாளை நெருக்குவதும் எண்ணிக்கையைக் குறைப்பதும் அரசு தன் செலவினத்தைச் சுருக்கும்போது நிகழ்வனவே. அவ்வேளைகளில் முதலிற் பலியாவது பதிவேட்டில் இடம்பெறாத வேலையாகும். மருந்து கொடுக்கத் தவறின் அது தெரியவரும். பேசத் தவறின் தெரியவராது.

உறவுப் பெயர்கள் இதற்குத் துணைபோகின்றன. துறவற அமைப்புகளிலிருந்து வந்த 'சிஸ்ரர்' என்ற விளி ஆங்கில மருத்துவமனைகளில் நிலைத்தது. தமிழகத்தில் வளர்ப்புத் தாயின் பெயரே இட்டாயிற்று. தாய்க்கும் சகோதரிக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு எதற்கு என்ற கருத்துநிலை இப்பெயர்களுக்குள் உறைகின்றது.

2020ஆம் ஆண்டு கொவிட் கொள்ளைநோய் இவ்வுழைப்பைக் கண்ணுக்குத் தெரியச் செய்தது. உலகெங்கும் குடும்பத்தினர் தடுக்கப்பட்டனர். அவர்கள் கட்டிலருகே செய்தவை அனைத்தும் தாதியர் மீது வீழ்ந்தன. கவச உடையணிந்த தாதி ஒரு கையிற் கைபேசியைப் பிடித்து, மறுகையால் நோயாளரின் கையைப் பற்றி, வீட்டிலிருந்தோரின் பிரியாவிடையைக் கேட்டு நின்றார். அந்நாளிலேயே மற்றொரு கட்டிலருகேயும் அவ்வாறு நின்றிருக்கலாம். இங்கிலாந்திற் சுவாசக் கருவியிலுள்ள ஒரு நோயாளருக்கு ஒரு தாதி என்பதே நெடுநாள் நியமம். 2020 நவம்பரில் இரு நோயாளருக்கு ஒருவர் எனத் தளர்த்த அனுமதிக்கப்பட்டது. இரண்டாவது கட்டில் எங்கிருந்து நேரத்தைப் பெற்றதென்பது விளக்கம் வேண்டாதது. 2022 டிசம்பரில் அந்நாட்டின் தாதியர் அரச கல்லூரி தன் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் முதன்முறையாக நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஊதியத்தோடு பாதுகாப்பான ஆளெண்ணிக்கையும் பேசுபொருளாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அவ்வேலைநிறுத்தத்தில் விலக்களிக்கப்பட்டிருந்தது.

அப்பிரிவுகளிற் பணிபுரிவோர் பலர் கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் சென்றோர். 1974இலிருந்து பிலிப்பைன்ஸ் அரசு உழைப்பு ஏற்றுமதியைத் திட்டமிட்ட கொள்கையாகக் கொண்டது. அமெரிக்கத் தாதியருள் ஏறத்தாழ 4 வீதமானோரே பிலிப்பைன்ஸ் வழியினர். எனினும் அந்நாட்டுத் தாதியர் சங்கமொன்று 2020 செப்டெம்பரில் வெளியிட்ட கணக்கின்படி, கொவிட்டால் இறந்த தாதியருள் அவர்கள் மூன்றிலொரு பங்கை அண்மித்தனர். பிறர் குடும்பத்தைத் தேற்றும் இவர்களுட் பலரின் சொந்தக் குடும்பம் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் உள்ளது.

கதவைத் திறந்துவிடின் தாதியரின் சுமை கூடுமென்ற அச்சமும் உண்டு. பிரேசிலின் 36 பிரிவுகளில் நிகழ்ந்து 2019இல் வெளியான ஆய்வு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை உறவினரை அனுமதித்துப் பார்த்தது. நோயாளரின் புத்தி மாறாட்டம் குறையவில்லை. ஆயின் உறவினரின் பதற்றமும் சோர்வும் குறைந்தன. ஊழியரின் களைப்பு குறிப்பிடத்தக்களவிற் கூடவுமில்லை. அவ்வாறாயின் யார் பன்னிரண்டு மணி நேரம் வந்திருக்க இயலும்? சம்பளத்தோடு விடுமுறை பெறுபவர் வரலாம். நாட்கூலிக்காரர் மாலையிலேயே வருவார். வைத்தியர் காலையில் வந்து சென்றிருப்பார். அன்றைய செய்தியை அவருக்குச் சொல்லத் தாதியைத் தவிர எவருமிரார். கதவு திறந்திருப்பதும் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறாகவே பொருள்படுகின்றது.

மொழியும் அவ்வாறே. அமெரிக்காவின் சியாற்றில் நகர் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையொன்று, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் நிகழ்ந்த சந்திப்புகளில் ஆங்கிலம் போதியளவு அறியாத குடும்பத்தினர் குறைந்த தகவலையும் குறைந்த ஆதரவையும் பெற்றதைக் காட்டிற்று. எமது வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஆயின் ஆட்சிமொழிச் சட்டம் கட்டிலருகே தானாக வந்து நிற்பதில்லை. மருத்துவப் பதிவு ஆங்கிலத்திலும் விடுதியின் பேச்சு சிங்களத்திலும் அமைந்த மருத்துவமனையொன்றிலே, தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் மனைவியின் நிலையை யாரிடம், எம்மொழியிற் கேட்பது? தாதி அவர் மொழியை அறிந்திராவிடின், நாம் இதுவரை விவரித்த பணிகளுட் கையைப் பிடிப்பது ஒன்றே எஞ்சும்.

ஸ்கண்டிநேவியப் பிரிவுகள் சிலவற்றில், இறந்தோரின் குடும்பத்தினர் சில வாரங்களின் பின் மீண்டும் அழைக்கப்படுகின்றனர். இறுதி நாட்களிற் பராமரித்த தாதி அவர்களோடு அமர்ந்து நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாக வாசிக்கிறார். விரும்பினால் கட்டில் இருந்த அறையையும் காட்டுகிறார். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் சிறிய கேள்விகளே: வலித்ததா, எம்மைக் கேட்டாரா, நாம் வர ஐந்து நிமிடம் முந்தி யார் அருகே இருந்தார். விடை கூறக்கூடியவர் அத்தாதி ஒருவரே. இச்சந்திப்புக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். பணிப்பட்டியலில் அம்மணி நேரம் ஒதுக்கப்பட்டு, அவரின் கட்டிலுக்கு மற்றொருவர் நியமிக்கப்பட்டிருப்பின் சந்திப்பு நடைபெறும். இல்லையெனின் அவர் தம் ஓய்வு நாளில் வருவார், அல்லது ஏடு தபாலிற் செல்லும்.